மரப்பெயர்களின் பின்னே: காசலிலிருந்து உப்சாலா வரை

முதல் நாள்: காசல்

ரயிலை விட்டு இறங்கும்போது மணி இரண்டு. தங்கை மகள் கோட்டிங்கனில் படிக்கிறாள். என்னைக் கூட்டிப்போக அங்கிருந்து வந்திருந்தாள். பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "பெரியம்மா, முதல்ல சாப்பாடா, மரமா?" என்று கேட்டாள். மரம் என்றேன். இந்த ஆறு நாள் பயணமே மரப்பெயர்களுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜெர்மனியின் காசல் நகரத் தெருக்களில் மரங்களின் அருகே இடுப்பளவு உயரத்தில் கருங்கல் தூண் நட்டிருப்பதைப் பார்க்கலாம். யோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-இல் தொடங்கிய வேலை அது. பெயர் '7000 ஓக் மரங்கள்'. ஒரு மரத்துக்கு ஒரு கல். 1986-இல் அவர் இறந்துபோனார். கடைசி மரத்தை மறு ஆண்டு அவர் மகன் நட்டார். நாங்கள் ஒரு தெருவை எண்ணிக்கொண்டே நடந்தோம். ஓக், ஓக், அப்புறம் லிண்டன், மறுபடியும் லிண்டன், ஒரு மேப்பிள், ஒரு ஆஷ். ஏழாயிரமும் ஓக் இல்லை. பெயரில் மட்டும் எல்லாமே ஓக்.

"அப்ப பேரு தப்பா பெரியம்மா?"

தப்பில்லை. மொழிகளே இதைத்தான் செய்திருக்கின்றன. ஓக்குக்கு ஜெர்மன் மொழியில் ஐஹெ, டச்சில் ஐக், ஸ்வீடிஷில் ஏக். நார்வேயிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்குக் குடிபோனவர்கள் இதே சொல்லையும் கொண்டுபோனார்கள். அந்தத் தீவில் ஓக் கிடையாது. சொல்லைத் தூக்கிப் போட மனம் வருமா? அங்கே அந்தச் சொல் எந்த மரத்துக்கும் பொதுவான பெயராகிவிட்டது.

எனக்கு இந்த ஆசை எங்கே பிடித்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் வறண்ட காட்டில் தேவதாரம் என்று ஒரு சிறுமரம் உண்டு. கட்டை மணக்கும். புராணத்தில் வரும் தேவதாரு இதுதான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் நம்பினேன். பிறகு சிம்லா போனபோது, வானத்தை முட்டிக்கொண்டு நின்ற ஊசியிலை மரத்தைக் காட்டி, இதுதான் தேவதாரு என்றார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்று ஏமாற்றமாக இல்லை. ஒரு பெயர் இமயத்திலிருந்து கிளம்பி எங்கள் முள்காடு வரை நடந்து வந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்தத் 'தாரு' இந்தப் பயணத்தில் மறுபடியும் வரும்.

மாலை கிரிம் சகோதரர்களுக்கான அருங்காட்சியகம். 2015-இல் திறந்தது. குழந்தைக் கதைகளுக்காக உலகம் அவர்களை அறியும். நான் போனது அகராதிக்காக. 1838-இல் தொடங்கிய அந்த ஜெர்மன் அகராதி 1961-இல்தான் முடிந்தது. மூத்தவர் யாகோப் கிரிம் 1863-இல் இறந்தபோது 'ஃப்ருஹ்ட்' என்ற சொல்லில் நின்றிருந்தார். கனி என்று பொருள். அகர வரிசையில் அதற்கு முன்னால் வரும் மரங்களை எல்லாம் அவரே எழுதினார்: பிர்ச், பீச், ஓக், ஆல்டர், ஆஷ். லிண்டன் வரை அவர் போய்ச் சேரவில்லை. அது வேறு கைகளுக்குப் போனது.

1822-இல் அவர் வகுத்துச் சொன்ன ஒலிமாற்ற விதியை விளக்க எனக்கு நம் பக்கத்து வீட்டு உதாரணம் போதும். தமிழில் பால், பூ, புலி. கன்னடத்தில் ஹாலு, ஹூவு, ஹுலி. ஒரு சொல்லில் 'ப' போய் 'ஹ' வந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் வந்தால் அது விதி. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், ஜெர்மன் எல்லாவற்றுக்கும் தாயான ஒரு மூலமொழி இருந்தது என்பார்கள். அப்படித்தான் அந்த மூலமொழியின் 'ப' ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் போன்ற ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஆனது, மெல்லிய 'த' (d) வன்மையாகி t ஆனது, 'க' தேய்ந்து 'ஹ' ஆனது. இந்த வழியில் பின்னோக்கிப் போனால் ஓர் அதிசயம் கிடைக்கிறது. லத்தீனில் ஓக்குக்கு க்வெர்குஸ் என்று பெயர். அதன் பழைய வடிவம் 'பெர்க்' என்று தொடங்கியது. அதே சொல் ஜெர்மனில் 'ஃபோரெ', ஆங்கிலத்தில் 'ஃபர்'. இரண்டும் ஊசியிலை மரங்கள்! ஓக்கின் பெயர் நடந்து நடந்து பைன் வகையின் தோளில் ஏறிக்கொண்டது. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கும் விளக்கம் இது. எங்கள் ஊர்த் தேவதாரத்துக்கு இங்கே ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான்.

இரண்டாம் நாள்: ஹைனிஹ் காடு

பாட் லாங்கன்சால்சா வரை ரயில், பிறகு பஸ். ஹைனிஹ் தேசியப் பூங்கா 1997-இன் கடைசி நாளில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் நீண்ட காலம் ராணுவப் பயிற்சி நிலம். ஆள் நடமாட்டம் இல்லாததால் காடு தன் போக்கில் வளர்ந்தது. 2011-இல் ஜெர்மனியின் பழைய பீச் காடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சேர்ந்தது.

பீச் என்றால் நமக்குக் கடற்கரையும் பழமும் நினைவுக்கு வரும். அதனால் ஜெர்மன் பெயரிலேயே சொல்கிறேன்: பூஹெ. பட்டை வெள்ளிச் சாம்பல் நிறம். வெடிப்பில்லை, செதில் இல்லை. கை வைத்தால் யானைக்காலைத் தொட்டது போலக் குளிர்ந்து வழவழப்பாக இருக்கிறது. மே மாதம் என்பதால் இலை அப்போதுதான் விரிந்திருந்தது. ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். விளிம்பு முழுக்கப் பட்டு நூல் போல வெள்ளை மயிர். மடிப்பு மடிப்பாக, விசிறியைப் பாதி விரித்த மாதிரி. தரையெல்லாம் காட்டுப் பூண்டு வாசம்.

கீழே குனிந்து போன வருடத்து நெற்று ஒன்றை எடுத்தேன். நாலாகப் பிளந்த முள்தோல். உள்ளே இருந்த விதைக்கு மூன்று பட்டை, கத்தியால் சீவியது போல. இதற்கு ஜெர்மனில் 'பூஹ்-எக்கர்'. ஜெர்மனில் 'எக்கெ' என்றால் மூலை, அதனால் 'எக்கர்' என்றதும் கோணம் என்று தோன்றும், மூன்று மூலை இருக்கிறதே. ஆனால் அது, வழக்கொழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 'அக்ரன்', கனி. ஆங்கிலத்தின் 'ஏக்கர்' நிலத்துக்கு உறவு, நிலத்தின் விளைச்சல். ஓக் விதைக்கு ஆங்கிலத்தில் 'ஏகார்ன்' என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். ஓக்கின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிற்காலத்தில் பேசியவர்கள் ஓக்கையும் 'கார்ன்' தானியத்தையும் அதில் கேட்டு, உச்சரிப்பையே அந்தப் பக்கம் சாய்த்துவிட்டார்கள்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். மரம் பூஹெ. புத்தகம் பூஹ். எழுத்து பூஹ்ஷ்டாப், அதாவது பூஹெக் குச்சி. ஆங்கிலத்தில் பீச், புக். ஸ்வீடிஷில் மரமும் பூக், புத்தகமும் பூக். ஸ்லாவிய மொழிகள் ஜெர்மானியரிடம் வாங்கிக்கொண்டபோதும் மரம் புக், எழுத்து புக்வா. ஆதியில் இவர்கள் இந்த மரப் பலகையில் எழுத்தைக் கீறினார்கள், அதனால் புத்தகத்துக்கு மரத்தின் பெயர் வந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விளக்கம்.

கி.பி. 98-இல் ரோமானியரான டாசிட்டஸ் ஜெர்மானியரின் குறிபார்க்கும் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் அடையாளம் இட்டு, வெள்ளைத் துணிமேல் இறைப்பார்கள். வானத்தைப் பார்த்தபடி மூன்றைப் பொறுக்கி, குறியைப் படித்துச் சொல்வார்கள். ஜெர்மனில் 'லேஸன்' என்றால் பொறுக்குவது. படிப்பதும் அதே சொல்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆனால் ஆய்வாளர்கள் இங்கே ஒரே குரலில் பேசுவதில்லை. மரத்தின் பெயரும் புத்தகத்தின் பெயரும் பழைய இலக்கணத்தில் வேறு வேறு வகையில் திரிகின்றன. கிடைத்திருக்கும் ஆதி ரூனிக் எழுத்துகள் (ஜெர்மானியரின் பழைய எழுத்துமுறை) பெரும்பாலும் எலும்பு, உலோகம், கல் மேல் உள்ளவை. இரண்டு சொல்லும் வேறு வேர் என்று சொல்பவர்களும் உண்டு, ஒன்றே என்பவர்கள்தான் அதிகம். நானும் ஒன்றே என்ற பக்கம்தான். கோதிக்கில் 'போகா' என்று ஒருமையில் சொன்னால் எழுத்து, பன்மையில் சொன்னால் புத்தகம். குறியிட்ட ஒரு குச்சி எழுத்து, குச்சிகளின் கட்டு புத்தகம் என்று பார்த்தால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

மர உச்சிகளுக்கு நடுவே போகும் நடைபாலத்தில் ஏறினோம். கோபுரம் 44 மீட்டர். மேலே நின்றால் கண்ணுக்கெட்டியவரை பூஹெ. இந்த மரத்தை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. லத்தீனில் ஃபாகுஸ், ஜெர்மானியத்தில் போக். இரண்டும் ஒரே சொல், ஆகவே மூலமொழி பேசியவர்கள் இந்த மரத்தை அறிந்திருந்தார்கள். இன்றைய கலினின்கிராடுக்கும் கருங்கடலுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், அதற்குக் கிழக்கே பூஹெ வளராது. எனவே அவர்கள் தாயகம் கோட்டுக்கு மேற்கே என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தைக் கவிழ்த்தது ஒரே ஒரு கிரேக்கச் சொல். அதே வேரிலிருந்து வந்த 'ஃபேகோஸ்' கிரேக்கத்தில் பூஹெயைக் குறிக்கவில்லை, ஒரு வகை ஓக்கைக் குறித்தது. சொல்லைப் பிடித்துக்கொண்டு மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று மொழியியலாளர்கள் கற்றுக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் நாள்: வைமார்

இன்று அதிகம் எழுதப்போவதில்லை.

பூஹெக் காடு என்பதை ஜெர்மனில் ஒரே சொல்லாகச் சொன்னால் 'பூஹன்வால்ட்'. நேற்று நாள் முழுக்க நாங்கள் நடந்த காடும் ஒரு பூஹன்வால்ட்தான். ஆனால் அந்தச் சொல்லை இன்று யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

வைமாரை ஒட்டிய எட்டர்ஸ்பெர்க் குன்றில் 1937 ஜூலையில் நாஜிகள் வதைமுகாம் அமைத்தார்கள். முதலில் வைக்க நினைத்தது குன்றின் பெயரை. அது கவிஞர் கோத்தே உலாவிய இடம், அந்தப் பெயர் முகாமுக்கு வேண்டாம் என்று நகரத்துக் கலாச்சார அமைப்பு ஒன்று மறுத்தது. முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் காட்டு மரத்தின் பெயர் வைக்கப்பட்டது. 2,80,000 பேர் வரை இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். 56,000 பேர் இறந்தார்கள்.

உள்ளே ஒரு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. காட்டை அழித்து முகாம் கட்டியபோது விட்டுவைத்த ஒரே ஓக். கைதிகள் அதைக் கோத்தே ஓக் என்று அழைத்தார்கள். 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சில் தீப்பிடித்தது, வெட்டிவிட்டார்கள். கட்டையின் மேல் பார்வையாளர்கள் வைத்த சிறு கற்கள். நானும் ஒன்று வைத்தேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை.

நான்காம் நாள்: ஹாலெ

வைமாரிலிருந்து ஹாலெ ரயிலில் கொஞ்ச தூரம்தான். ஃப்ராங்கெ நிறுவனத்தின் பழைய அனாதை இல்லத்துக்குப் போனோம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் இது. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் அச்சானதும் இங்கேதான்.

கட்டடத்தின் மேல்தளத்தில், பரண் போன்ற அறையில், மிஷனரிகள் உலகெங்கிலுமிருந்து அனுப்பிய பொருள்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் இந்த நிறுவனத்தின் சேகரிப்பில் உண்டு. பூஹெக் குச்சியில் எழுதினார்களா இல்லையா என்று இரண்டு நாளாக மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்த எனக்கு, நம் பக்கத்துச் சாட்சி இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது என்னவோ செய்தது. பனை இலையும் ஓலை, எழுதி அனுப்பிய கடிதமும் ஓலை. பனை மட்டையும் மடல், கடிதமும் மடல். பூவின் இதழ்தான் வார இதழ். நமக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லும் பொருளும் இன்னும் பிரியவில்லை. ஜெர்மனிலும் இலைக்கும் தாளுக்கும் 'ப்ளாட்' என்று ஒரே சொல்தான் என்று பிள்ளை நினைவுபடுத்தினாள்.

ஐந்தாம் நாள்: வழியில்

நாள் முழுக்கப் பயணம். பெர்லின் போய், அங்கிருந்து விமானத்தில் ஸ்வீடன்.

எழுத ஒன்றே ஒன்று. பெர்லினில் குடித்த பூச்சாறு. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, தண்ணீர் கலந்து தருகிறார்கள். மல்லிகையும் எலுமிச்சையும் சேர்ந்தது போல ஒரு மணம். மரத்தின் பெயர் ஹொலுண்டர். குடித்துக்கொண்டே பிள்ளையிடம் கேட்டேன்: "இந்தப் பேருக்குள்ள ஒரு மரம் இருக்கு, கண்டுபிடி பாப்போம்." 'ஹோல்' என்றால் மரக்கட்டையா என்று கேட்டாள். முன்னால் இல்லை, பின்னால் பார் என்றேன்.

கடைசியில் வரும் 'டர்'. பழைய ஜெர்மனில் 'தர்', மரம் என்று பொருள். ஆங்கில 'டிரீ', ஸ்வீடிஷ் 'த்ரேட்', கோதிக் 'த்ரியு' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். சமஸ்கிருதத்தில் இதுவே தாரு. தேவதாருவின் தாரு! ஜெர்மன் மொழி மரத்துக்கு 'பௌம்' என்ற வேறு சொல்லை எடுத்துக்கொண்டு இந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது. ஆனால் ஹொலுண்டர், வஹோல்டர் என்று சில பெயர்களின் வாலில் மட்டும் அது யார் கண்ணிலும் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் நேர்மாறு. அங்கே 'டிரீ' பிழைத்தது. பௌமின் தம்பியான 'பீம்' வெட்டிய உத்தரமாகிவிட்டது, 'ஹார்ன்பீம்' போன்ற ஓரிரு பெயர்களில்தான் இன்னும் உயிருள்ள மரம்.

"அப்ப நம்ம தேவதாரத்தோட சொந்தக்காரங்கதான் இந்த ஜூஸா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆமாம், பெயரால் சொந்தம்.

ஆறாம் நாள்: உப்சாலா

காலையில் நேரே பல்கலைக்கழக நூலகம், கரோலினா ரெடிவிவா. நான் இத்தனை தூரம் வந்தது ஒரு புத்தகத்தைப் பார்க்க. வெள்ளிப் பைபிள் என்பார்கள். நாலாம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் கோதிக் மொழியில் பெயர்த்ததை, ஆறாம் நூற்றாண்டில் ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதிய பிரதி. 187 ஏடுகள் இங்கே இருக்கின்றன. இன்னொன்று 1970-இல் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் கிடைத்தது. ஒரு ஜெர்மானிய மொழியை இவ்வளவு நீளமாகக் காட்டும் ஆவணங்களில் இதுவே மிகப் பழையது.

மங்கலான விளக்கு. ஊதா வெளுத்துப் பழுப்பு ஏறியிருக்கிறது. வெள்ளி எழுத்துகள் கறுத்திருக்கின்றன. வரிகள் மட்டும் அச்சுப் போல நேராக நிற்கின்றன.

உல்ஃபிலாவுக்கு வந்த சிக்கலை நினைத்துக்கொண்டே நின்றேன். பைபிளில் அத்தி வருகிறது, ஒலிவம் வருகிறது. கோத்தியர் வடக்கிலிருந்து வந்தவர்கள், அவர்கள் மொழியில் இவற்றுக்கு ஏது பெயர்? அவர் மரத்துக்கான 'பக்ம்ஸ்' என்ற சொல்லை எடுத்தார். அத்திக்குப் பழத்தின் பெயரையும் ஒலிவத்துக்கு எண்ணெயின் பெயரையும் அதற்கு முன்னால் வைத்தார். அத்திக்கு 'ஸ்மக்கபக்ம்ஸ்'. ஒலிவத்துக்கு 'அலேவபக்ம்ஸ்'. நாம் அத்திமரம், ஆப்பிள் மரம் என்பதைப் போலவேதான். கனிகளுக்கு 'அக்ரன்'. ஹைனிஹில் நான் பொறுக்கிய மூன்று பட்டை விதையின் பெயர்தான் அது. கனியால் மரத்தை அறிவது பற்றிய வசனங்களிலும் அவர் எழுதியது இந்தச் சொல்லைத்தான். யாகோப் கிரிம் கடைசியாக நின்ற 'ஃப்ருஹ்ட்' லத்தீன் கடன். அதற்கு முன் ஜெர்மானியரின் சொந்தக் கனி அக்ரன்.

பிற்பகல் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸின் தோட்டம். அவருடைய தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. அப்பா நில்ஸ் இங்கெமார்சன், இங்கெமாரின் மகன், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் சேர ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. குடும்ப நிலத்தில் ஒரு பெரிய லிண்டன் நின்றது. அதை லத்தீனாக்கி லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். அதே மரத்திலிருந்து உறவினர்கள் லிண்டேலியுஸ், டிலியாண்டர் என்றும் பெயர் எடுத்தார்கள். ஒரே மரம், மூன்று குடும்பப் பெயர்.

அந்த மகன்தான் 1753-இல் செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டினார். பூஹெக்கு ஃபாகுஸ், ஓக்குக்கு க்வெர்குஸ். தன் குடும்ப மரத்துக்கும் லிண்ட் என்று வைக்காமல் டிலியா என்ற லத்தீன் பெயரையே வைத்தார். அவர் ஏன் அப்படிப் பூட்டுப் போட்டார் என்று இந்த ஆறு நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. ஐஸ்லாந்தில் ஓக் எல்லா மரமுமாகிறது, கிரேக்கத்தில் பூஹெ ஓக்காகிறது, ஆஸ்திரேலியா போன ஆங்கிலேயர் யூகலிப்டஸைக் காட்டி மலை ஆஷ் என்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு அவர் போட்ட பூட்டு வேண்டும். ஆனால் எனக்குப் பிடித்தவை பூட்டாத பெயர்கள். தேவதாரத்தைத் தேவதாரம் என்று எங்கள் ஊர் சொல்வதை யாரும் திருத்த வேண்டாம்.

மாலை ஃபீரிஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். எதிரே பிர்ச் மரங்கள், ஸ்வீடிஷில் பியோர்க். வெள்ளைப் பட்டை. இருட்டத் தொடங்கியும் அது மட்டும் தெரிந்தது. பளிச்சென்று வெளுத்திருப்பது என்ற வேரிலிருந்து வந்த பெயர். ஜெர்மனில் பிர்கெ, ரஷ்யனில் பெர்யோஸா, சமஸ்கிருதத்தில் பூர்ஜம். காஷ்மீரத்தில் சுவடி எழுதிய பூர்ஜபத்திரம் இந்த மரத்து இனத்தின் பட்டைதான். பாக்‌ஷாலி கணிதச் சுவடி அதில் எழுதியது. ஓக்கும் பூஹெயும் ஃபோரெயும் பெயரை இடம் மாற்றிக்கொண்ட இத்தனை நூற்றாண்டில், ஸ்வீடனிலும் இமயத்திலும் இந்தப் பெயர் அதே வெள்ளை மரத்தைவிட்டு அசையவில்லை.

காற்றில் விழுந்த சுள்ளியிலிருந்து பட்டை ஒன்று சுருண்டு தொங்கியது. மெதுவாக உரித்தேன். வெளியே வெள்ளை, உள்ளே ரோஜாவும் சந்தனமும் கலந்த நிறம். காகிதத்தைவிட மெல்லிசு. விரித்தால் மறுபடி சுருண்டுகொள்கிறது. பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"எழுத வருதா பெரியம்மா?"

ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். பூர்ஜம் என்று எழுதினேன். மை ஊறவில்லை, பரவவில்லை. பக்கத்தில் அவள் பியோர்க் என்று எழுதினாள்.